ஐப்பசியில் கடலை பிடுங்கப் போனேன்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போயிருக்க வேண்டியவன், ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கர் செம்மண் காட்டில் ஆடிப்பட்டத்து நிலக்கடலை முற்றியிருந்தது. பிடுங்க ஆள் போதவில்லை, கை கொடுக்க வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

வைகை அணை நிறையும் தறுவாய்க்கு வந்தால்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவார்கள். இந்தக் காடு அதற்கும் எட்டாத மேட்டில் இருக்கிறது. முழுக்க வானம் பார்த்த பூமி. வெள்ளிக்கிழமை ஓர் உழவு மழை பெய்திருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் பிடுங்கியாக வேண்டும். மண் இறுகிவிட்டால் காம்பு அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். அடுத்த மழை வரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. கொத்தாகக் காய்க்கும் இந்த நிலக்கடலை ரகத்துக்கு விதை உறக்கம் கிடையாது, முற்றிய பிறகு மழை தொடர்ந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

நான் செடியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். அடித்தூரில் எல்லாக் கிளைகளையும் சேர்த்துப் பிடித்து, ஓர் ஆட்டு ஆட்டித் தூக்க வேண்டுமாம். எனக்குப் பின்னால் ஓர் அப்பத்தா களைக்கொத்தியுடன் குனிந்து குனிந்து வந்தார். "தம்பி, செடியை வீட்டுக்கும் கடலையைப் பூமிக்கும் பங்கு பிரிக்கிறீர்களா?" என்றார். திரும்பிப் பார்த்தால் அவர் மடி நிறைய நான் விட்டுவந்த காய்.

இடுப்பு கெஞ்சியதால் வேப்பமர நிழலில் செடியிலிருந்து காய் ஆய்கிற பெண்களோடு போய் உட்கார்ந்தேன். பேச்சு சட்டென்று நின்றது. எனக்கு விளங்கவில்லை. கால் மணி நேரம் கழித்து அதே அப்பத்தாதான் வாய் திறந்தார். அங்கே கூலி காசு இல்லை; பத்துப் படி ஆய்ந்தால் ஒரு படி. "நீங்கள் சும்மா ஆய்கிற ஒவ்வொரு படியும் எங்கள் பங்கில் குறையும், சாமி." கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் சுட்டது. சேவை என்று நினைத்துக்கொண்டு அவர்கள் தீபாவளிச் செலவில் கை வைத்திருக்கிறேன். கூப்பிட்ட நண்பர்கள் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், நானும்தான்.

என் குவியலை அவர் கூடையில் கொட்டினேன். காம்பு, பொக்கு, பிஞ்சு எல்லாவற்றையும் அவர் பொறுக்கி எறிந்த பிறகு ஒரு படிகூடத் தேறவில்லை.

அதன்பின் வேலை மாறியது. நகரத்திலிருந்து வந்தவர்கள் பிடுங்குவது, கட்டுகளை நிழலுக்குச் சுமந்து வருவது, ஆய்ந்த கொடியை மாட்டுத் தீவனத்துக்குப் போர் வைப்பது. ஆய்கிற இடத்துக்கு எங்களில் யாரும் போகக் கூடாது. மதியம் கம்மங்கூழும் சுட்ட கருவாடும். கூழைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

நாலு மணிக்கு மேற்கே கறுத்தது. களத்தில் முந்தைய நாள் ஆய்ந்த கடலை பரப்பிக் கிடந்தது. உலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலக்கிற வரை காய வேண்டும். இடையில் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், பிறகு தின்னவும் ஆகாது, செக்குக்கும் ஆகாது. பலகையால் கூட்டித் தள்ளி, தார்ப்பாயைப் போட்டு, நாலு மூலையிலும் கல்லை உருட்டி வைப்பதற்குள் பெருந்துளி விழுந்துவிட்டது. கல் கிடைக்காத மூலையில் நானே ஏறி உட்கார்ந்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த வேலை அந்த அரை மணி நேரம் உட்கார்ந்ததுதான் என்று நினைக்கிறேன். அப்பத்தா கொட்டகையிலிருந்து, "தம்பி, எழுந்துவிடாதீர்கள்!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. தீபாவளி கழிந்ததும் மூட்டை பிடிக்க மறுபடி அழைத்திருக்கிறார்கள். ஆய்வதற்கு இல்லை என்று அழைப்பிலேயே அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.