ஓடையோரம் 5 மீற்றர் விடச் சொல்வது நியாயமா? (நானுஓயா – கொத்மலை ஓயா மரக்கறி நிலங்கள்: நால்வர் வாதம்)

கரையோரம்:
நுவரெலியாவிலிருந்து இறங்கும் நானுஓயா, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து மகாவலி. கண்டி நகரம் குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். அப்படிப்பட்ட தண்ணீரின் விளிம்பு வரைக்கும் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்தி போடுகிறோம். இரு கரையிலும் 5 மீற்றர் பயிரில்லாமல் விட்டே ஆகவேண்டும். நம் நாட்டு நன்னீர் நண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே இலங்கைக்கு வெளியே எங்கும் இல்லாதவை. மலை ஓடைகளில் கல்லுக்கடியில் உள்ள இடுக்குத்தான் அவற்றுக்கு வீடு. பாத்தி மண் கரைந்துவந்து அந்த இடுக்கை அடைத்தால் அவை போக இடமில்லை.

பாத்திக்காரர்:
கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள் அண்ணே. 20 பேர்ச்சஸ் என்பது 506 சதுர மீற்றர். அதில் 25 மீற்றர் நீளம் ஓடையைத் தொட்டுக்கொண்டிருந்தால் 125 சதுர மீற்றர் போய்விடும். நிலத்தில் கால்வாசி! அதுவும் தண்ணீர் பக்கத்தில் இருக்கிற, மண் ஆழமான கால்வாசி. தோட்டத்துச் சம்பளம் போதாமல் துண்டு நிலத்தில் கரட் போடுகிறவரிடம் இதைக் கேட்கிறீர்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடுத்தார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் விளைச்சலை இழந்தது விவசாயிதான்.

மண்ணும் நீரும்:
இங்கே இரண்டு வேறு மாசுகள் ஒன்றாகக் குழம்புகின்றன. பொசுபரசு மண் துகளில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பகுதி மண் அரித்தால்தான் ஓடைக்குப் போகும், ஆகவே கரையோரப் புல் அதைப் பிடிக்கும். நைத்திரேற்று தண்ணீரில் கரைந்து வேருக்குக் கீழே இறங்கி, எங்கோ ஊற்றாக வெளியே வரும். ஆழ வேரோடும் மரம் கொஞ்சம் உறிஞ்சும், புல்வரிசையால் அதை மறிக்க முடியாது.

அளவைப் பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு கிலோ யூரியா முழுவதும் நைத்திரேற்றாகிக் கசிந்தால் ஏறக்குறைய 2 கிலோ. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த ஒரு கிலோ யூரியா போதும், சுத்தமான 40,000 லீற்றர் தண்ணீரை எல்லைக்குக் கொண்டுவர. இதற்கு வழி பாத்திக்குள்ளேதான் இருக்கிறது. யூரியாவை நடும்போது பாதி, மண் அணைக்கும்போது பாதி என்று பிரியுங்கள். பெருமழை வரப்போகிற நாளில் போடாதீர்கள். மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் (சுண்ணக்கல் தூள்) இட்டால், யூரியா போட இரண்டு வாரமாவது கழியட்டும். இரண்டும் சேர்ந்தால் நைதரசன் அமோனியாவாகிக் காற்றோடு போகும், பயிர் வெளுக்கும், அதைப் பார்த்து இன்னொரு தடவை யூரியா விழும்.

கோழி எருவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நைதரசன் தேவைக்கு அதை மட்டும் நம்பினால் பயிர் கேட்பதைவிடப் பல மடங்கு பொசுபரசு மண்ணில் சேர்ந்துவிடும். கோழி எரு இட்ட பாத்திக்கு ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உரத்தைக் குறைக்க வேண்டும், பலர் இரண்டையும் முழு அளவில் போடுகிறார்கள். எரு மூட்டைகளை ஓடைக்கரையில் திறந்தபடி அடுக்குவது எல்லாவற்றிலும் மோசம்.

பாத்திக்காரர்:
எருவை மூடி வைப்பதிலும் உரத்தைப் பிரிப்பதிலும் எனக்குச் சண்டை இல்லை, காசும் மிச்சம். ஆனால் அடுத்ததாகப் “பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடு” என்பீர்கள். குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கும், கிழங்கு அழுகும், பற்றீரியா வாடல் பரவும். பெருமழையில் ஒரு வரம்பு உடைந்தால் கீழே உள்ள வரம்பெல்லாம் சேர்ந்து போகும். அதனால்தான் மேலிருந்து கீழாகப் பாத்தி போடுகிறோம்.

கான் வேலை:
குறுக்கே என்றால் மட்டமாக என்று அர்த்தமில்லை தம்பி. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே குறுக்குக்கான் (வடிகால்) வெட்டுகிற மாதிரி 120க்கு 1 சரிவு கொடுக்க வேண்டும், அதாவது 12 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் இறக்கம். கண்மட்டத்தில் வெட்டினால் நிச்சயம் பிழைக்கும். தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாயை வைத்து மட்டம் பாருங்கள். கானுக்குள் மூன்று மீற்றருக்கு ஒரு மண் தடுப்பு விடுங்கள், அதன் உயரம் கானின் கரையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். மண் தடுப்பில் படியும், மிஞ்சிய தண்ணீர் அதன்மேல் வழிந்து போகும். தடுப்பு கரையளவு உயர்ந்தால் நீங்கள் சொன்ன உடைப்பு நடக்கும். படிந்த மண்ணை ஒவ்வொரு போகமும் அள்ளி மேல் பாத்தியில் போடாவிட்டால் அடுத்த மழைக்கே கான் நிரம்பிவிடும். கானின் வாய் வெறும் மண்ணில் முடியாமல் கல் பதித்த இறக்கத்தில் முடிய வேண்டும்.

கரையோரம்:
இதெல்லாம் சரி, மருந்து டேங்கியை ஓடையில் கழுவுவதற்கு என்ன செய்வது? உருளைக்கிழங்கில் வரும் பின் வெளிறல் நோய்க்கு அடிக்கிற மங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. கானாலும் புல்லாலும் அதைத் தடுக்க முடியாது. டேங்கியை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை அதே பாத்தியில் அடித்து முடிக்க வேண்டும். ஓடைக்குத் தனி வாளி வேண்டும், மருந்து கலந்த வாளி அதைத் தொடக்கூடாது.

பாத்திக்காரர்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 5 மீற்றரில் புதர் மண்டினால் காட்டுப்பன்றி அங்கேதான் படுக்கும். ஒரே இரவில் கிழங்குப் பாத்தியைக் கிளறிவிடும். பிறகு யாராவது கிளச் கம்பியில் சுருக்குப் போடுவார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் லக்சபான தோட்டத்தில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை செத்தது நினைவிருக்கிறதா? நண்டைக் காப்பாற்றப் போய்ச் சிறுத்தையைக் கொல்லும் வரிசையாக அது ஆகிவிடும்.

கரையோரம்:
அந்தப் பயம் நியாயமானது. அதற்காக அந்த 5 மீற்றர் வரிசையைக் கைவிடத் தேவையில்லை, அமைப்பை மாற்றலாம். தண்ணீரோரம் இரண்டு மீற்றர் மரம், பாத்திப்பக்கம் மூன்று மீற்றர் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடும் புல். படுக்க மறைவு குறைந்தால் பன்றி தங்காது. வெட்டிய புல் மாட்டுக்கு ஆகும். பாத்தியைச் சுற்றி வலைக்கம்பி கட்டுவதானால் அடியில் 30 சென்ரிமீற்றரை வெளிப்பக்கம் மடித்துப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் அடியால் தோண்டி வந்துவிடும். சுருக்குக்கு மட்டும் சமாதானம் சொல்ல முடியாது. பன்றிக்கு வைத்தாலும் அதே தடத்தில் சிறுத்தை நடக்கிறது. இடுப்பில் இறுகினால் வெளியே காயம் தெரியாமலே உள்ளே சிதைந்துவிடும். அகப்பட்டதைக் கண்டால் கூட்டம் கூடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தை 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்க வேண்டும்.

பாத்திக்காரர்:
வலைக்கம்பி, கல் பதிப்பு, மரக்கன்று எல்லாம் செலவு. பலருக்கு நிலம் வாய்ப்பேச்சுக் குத்தகை, அடுத்த போகம் இருக்குமோ தெரியாது. வேறொருவர் நிலத்தில் மரம் வைக்க யார் துணிவார்? நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மரத்தை வைக்கட்டும், குத்தகையை எழுத்தில் கொடுத்து ஓடையோர 5 மீற்றருக்கு வாடகை வாங்காமல் விடட்டும். அப்படியென்றால் புல்லை வெட்டுவதும் கானில் மண் அள்ளுவதும் எங்கள் வேலை.

மண்ணும் நீரும்:
வாடகை விடயத்தில் நானும் உங்கள் பக்கம். ஆனால் யூரியாவைப் பிரிக்கவும் டேங்கியைப் பாத்தியில் அலசவும் எந்தப் பத்திரமும் வேண்டாம். அதை இந்தப் போகத்திலேயே தொடங்கலாம்.