வட சென்னையில் ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பித் தருபவர் யாராவது தெரியுமா?

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். நுரையீரல் பாதிப்பால் அப்பாவுக்கு வீட்டிலேயே நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மெஷின்). கரண்ட் போனால் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். உடனே குழாயைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். ‘பி’ டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் இந்த அளவுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும். ஆனால் நிரப்பித் தருபவர் மழை என்றால் போனையே எடுப்பதில்லை. மூன்றாம் மாடிக்குத் தனிக் கூலி வேறு!

ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் இரவிலும் நிரப்பித் தருபவர் இருந்தால் சொல்லுங்கள். 350 வாட் மெஷினைத் தாங்கும் இன்வெர்ட்டர், பழையதானாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம், நம் பக்கத்தில் வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் வேறு யார்? பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் முன் நமக்குப் போனில் சொல்லச் சொல்லி, டாக்டர் சீட்டோடு மின்வாரியத்தில் மனு கொடுக்கலாம். நாலு பேராகப் போனால் காது கொடுத்துக் கேட்பார்கள். வருபவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.