முகிலனுக்கு இனி வீட்டில்தான் பாடம்

கவிதா: எல்லாருக்கும் இந்தக் குடும்பக் குரூப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் முகிலனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டில் நானே சொல்லித்தரப் போகிறேன்.

பெரிய மாமா: என்னம்மா திடீரென்று? நாலாம் வகுப்பு வரை வந்துவிட்டானே.

கவிதா: திடீரென்று இல்லை மாமா. சத்துணவுத் தட்டுச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறான். அடங்க மாட்டேன் என்கிறானாம், வராந்தாவில் உட்கார வைக்கிறார்கள். சிறப்பாசிரியர் வருகிற அன்றைக்கு மட்டும்தான் நோட்டில் ஏதாவது இருக்கும்.

அத்தை: வீட்டிலேயே இருந்தால் பிள்ளை யாரோடு பழகுவான்?

கவிதா: வராந்தாவில் யாரோடு பழகினான் அத்தை?

சுதா அண்ணி: கவிதா, டிசி வாங்கிவிட்டாயா?

கவிதா: இன்னும் இல்லை அண்ணி.

சுதா அண்ணி: வாங்காதே, பொறு. முதலில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் எழுதிக் கொடு. கடும் பாதிப்போ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வி கேட்கலாம் என்று 2012-இல் ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். பயிற்றுநர் வீட்டுக்கே வருவார், பள்ளியில் பெயரும் இருக்கும். அவனுடைய மாற்றுத்திறனாளி அட்டையில் எத்தனை சதவீதம்?

கவிதா: 60.

சுதா அண்ணி: அப்போ கஷ்டம்தான். கடும் பாதிப்பு என்றால் 80 கேட்பார்கள். கேட்டுப் பார், இல்லாவிட்டால் என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ‘ஏ’ நிலை மூன்றாம் வகுப்புக்குச் சமம், ‘பி’ ஐந்து, ‘சி’ எட்டு. 14 வயதானால் பத்தாவதும் எழுதலாம்.

பெரிய மாமா: அந்த சர்ட்டிபிகேட் செல்லுமா?

சுதா அண்ணி: செல்லும் மாமா, மத்திய அரசு வாரியம்தான்.

பெரிய மாமா: நாளைக்கே இவள் மனசு மாறினால்?

சுதா அண்ணி: வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்க்கலாம், ஆர்டிஇ 4-ஆம் பிரிவு. அட்டையில் 40-க்கு மேல் இருப்பதால் 18 வயது வரை இலவசக் கல்வியும் உண்டு. அது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

கவிதா: கணக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டேன். பஸ் நம்பர் என்றால் அவனுக்கு உயிர். 29-ஐயும் 42-ஐயும் கூட்டச் சொன்னேன். “71. ஆனா அது நம்ம ஸ்டாப்புக்கு வராது” என்கிறான் 😄

பெரிய மாமா: 😂 பெரம்பூர்க்காரன்!

அத்தை: அதெல்லாம் சரி, நாள் முழுக்க நீ ஒருத்தியே பார்த்தால் உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

பெரிய மாமா: செவ்வாய், வெள்ளி சாயந்திரம் இங்கே கொண்டுவந்து விடு. நான் ரிட்டயர்டு, சும்மாதானே இருக்கிறேன்.

கவிதா: வெள்ளி தெரபி மாமா. வியாழன் விடட்டுமா? ஒன்றுதான், அவன் இருக்கும்போது மிக்ஸி ஓடக் கூடாது.

பெரிய மாமா: அத்தையிடம் சொல்லிவிடுகிறேன்.

அத்தை: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன். சட்னியை நாலு மணிக்கே அரைத்து வைத்துவிடுகிறேன்.