மாடிக் கம்ப்யூட்டர் கண்ணில் படவில்லை

சித்தப்பா: இளங்கோ, ஓய்வாக இருக்கிறாயா? புது லேப்டாப்பில் நெட்வொர்க் என்பதைத் திறந்தால் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் வரவே மாட்டேன் என்கிறது. பழைய போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருகிறது.

இளங்கோ: இருக்கிறேன் சித்தப்பா. இன்டர்நெட் வருவதை மட்டும் வைத்து இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாகச் சொல்ல முடியாது. இரண்டின் ஐபி முகவரியையும், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இருக்கும் எண்ணையும், பார்த்துவிடலாம். செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க், அதில் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ். ஐபிவி4 என்று ஒரு எண் இருக்கும்.

நிலா: நான் மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன் அண்ணா.

மாமா: மச்சான், பாஸ்வேர்டு கேட்கும் ஷேரிங்கையும் பாதுகாப்புக்கான ஃபயர்வாலையும் ஆஃப் செய்துவிட்டால் உடனே வந்துவிடும். ஒரு வீடியோவில் அப்படித்தான் காட்டினார்கள். எஸ்எம்பி 1, ஹோம்குரூப் இரண்டையும் போடச் சொன்னார்கள்.

இளங்கோ: மாமா, தயவுசெய்து அதெல்லாம் வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்க்க இருந்த ஹோம்குரூப் வசதியை 2018லேயே விண்டோஸ் 10இலிருந்து எடுத்துவிட்டார்கள், தேடினாலும் கிடைக்காது. எஸ்எம்பி 1 ஃபைல் பகிரும் பழைய முறை, அது அதைவிட ஆபத்து. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது நினைவிருக்கிறதா? அந்தப் பழைய பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. யாரும் எதையும் கிளிக் செய்யவே தேவைப்படவில்லை. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அதே வருடம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. அதை நாமே தேடிப்போய்த் திரும்பப் போட வேண்டாம்.

மாமா: அப்படியா, இது தெரியாது. சரி, நீ சொல்கிறபடியே செய்யட்டும்.

நிலா: மாடியில் 192.168.1.14. அப்பா லேப்டாப்பில் 192.168.0.27.

அத்தை: நிலா, இந்த எண்ணையெல்லாம் குழுவில் போடலாமா?

இளங்கோ: போடலாம் அத்தை. 192.168 என்று தொடங்குபவை உள் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கிய எண்கள். எத்தனையோ வீடுகளில் இதே எண்கள் இருக்கும், வெளியிலிருந்து இதை வைத்து யாரும் நேராக வர முடியாது. பாஸ்வேர்டை மட்டும் இங்கே போடாதீர்கள்.

இளங்கோ: சித்தப்பா, மூன்றாவது எண்ணைப் பாருங்கள். மாடியில் 1, உங்களிடம் 0. சாதாரணமாக வீட்டு ரவுட்டரில் முதல் மூன்றும் ஒன்றாக இருந்து கடைசி எண் மட்டும் மாற வேண்டும். வீட்டில் இரண்டாவது ரவுட்டர் ஏதாவது இருக்கிறதா? இல்லை விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா?

சித்தப்பா: ஆமாம், கூடத்தில் சிக்னல் வரவில்லை என்று தனியாக ஒரு வைஃபை பெட்டி மாட்டினோம். லேப்டாப் அதில்தான் இருக்கிறது.

இளங்கோ: அதுதான். அந்தப் பெட்டி தனக்கென்று ஒரு குட்டி நெட்வொர்க் போட்டுக்கொண்டு உங்களைத் தனியாக வைத்திருக்கிறது. இப்போதைக்கு லேப்டாப்பைப் பழைய ரவுட்டரின் வைஃபையில் சேருங்கள். அப்புறம் ஒருநாள் அந்தப் பெட்டியை, தனி நெட்வொர்க் போடாமல் சிக்னலை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிடலாம், எங்கிருந்து சேர்ந்தாலும் ஒரே நெட்வொர்க்காகிவிடும்.

நிலா: மாற்றிவிட்டேன். இப்போது 192.168.1.31. ஆனால் நெட்வொர்க்கில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இளங்கோ: அந்தப் பட்டியலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் நிலா. தங்களை அறிவித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்கள் மட்டும்தான் அதில் வரும். பெயர் வராவிட்டாலும் முகவரி தெரிந்தால் நேராகப் போகலாம். அதற்கு முன்னால் இரண்டிலும் அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் பப்ளிக் என்றிருந்தால் பிரைவேட் ஆக்கு. புது இணைப்பை விண்டோஸ் பெரும்பாலும் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும், அதில் மற்றவர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். வெளியிடத்து வைஃபையில் அதுதான் நல்லது, வீட்டில் வேண்டாம். பிறகு மாடியில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்து, போட்டோ ஃபோல்டரை மட்டும் ஷேர் செய். முழு டிஸ்க்கையும் கொடுக்காதே.

நிலா: படிக்க மட்டுமா, மாற்றவும் அனுமதியா?

இளங்கோ: படிக்க மட்டும். லேப்டாப்பிலிருந்து தவறுதலாக அழிந்துபோக வழி இருக்கக் கூடாது. இப்போது லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து மேலே முகவரி இடத்தில் \\192.168.1.14 என்று அடித்து என்டர் தட்டு.

சித்தப்பா: பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது! தினமும் மாடியில் போடும் நான்கு இலக்கத்தைப் போட்டேன், தப்பு என்கிறது.

இளங்கோ: கேட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று சித்தப்பா. அந்த நான்கு இலக்கம் பின் நம்பர். அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான், நெட்வொர்க் வழியாக எடுக்காது. கணக்கின் முழுப் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் உள்ளே விடாது. நிலா, மாடியில் போட்டோவுக்கென்று அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் ஒரு தனி லோக்கல் கணக்கு போட்டு, நல்ல பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டர் அனுமதியை அதற்கு மட்டும் கொடுத்துவிடு. உங்கள் முக்கியக் கணக்கின் பாஸ்வேர்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

நிலா: வந்துவிட்டது அண்ணா!! எல்லா ஃபோல்டரும் தெரிகிறது.

சித்தப்பா: அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படம்கூட இருக்கிறது. ரொம்ப நன்றிப்பா.

அத்தை: எனக்கும் அந்தப் படம் வேண்டும் அண்ணா. மாடிக் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தால் என் மேக்கிலும் திறக்குமா?

இளங்கோ: திறக்கும் அத்தை. சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது மேக்கையே எடுத்துப் போங்கள், கம்ப்யூட்டரைத் தூக்க வேண்டாம். வைஃபையில் சேர்ந்த பிறகு ஃபைண்டரில் கமாண்ட், கே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கட்டம் வரும். அதில் எஸ்எம்பி என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, ://192.168.1.14 என்று சேர்த்துவிடுங்கள்.

மாமா: நாளைக்கு அந்த எண் மாறிவிடாதா?

இளங்கோ: மாறலாம் மாமா. ரவுட்டர்தான் அவ்வப்போது எண் கொடுக்கிறது. ரவுட்டர் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும், அதில் மாடிக் கம்ப்யூட்டருக்கு 14ஐ நிரந்தரமாக்கிவிடலாம். நிலா, உன்னால் முடியும்.

சித்தப்பா: சரி, எல்லாவற்றையும் இப்போதே லேப்டாப்பில் நகலெடுத்துவிடவா?

இளங்கோ: கண்டிப்பாக எடுங்கள். இத்தனை வருடப் படமும் ஒரே பழைய டிஸ்க்கில் இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. நிறைய இருந்தால் வைஃபையில் நேரம் இழுக்கும், லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு நகல்.

சித்தப்பா: ஓடும்போது லேப்டாப்பை மூடி வைக்கலாமா?

இளங்கோ: வேண்டாம் சித்தப்பா, மூடினால் ஸ்லீப்புக்குப் போய்ப் பாதியில் நின்றுவிடும். மாடியில் இருப்பதிலும் ஸ்லீப்பை நெவர் என்று வைத்துவிடச் சொல்லுங்கள்.

நிலா: வைத்துவிட்டேன். நகல் ஓட ஆரம்பித்துவிட்டது.