மறு: டெப்ட் ரிலீஃப் – கடன் மன்னிப்பா, தள்ளுபடியா?

> 'கடன் மன்னிப்பு' என்றே வைத்துவிடலாம். பைபிளில் இருக்கும் சொல், எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. 'டெப்ட் ரிலீஃப்', அதாவது ஏழை நாடுகளின் கடன் சுமையைத் தணிப்பது, அதற்குத் தமிழில் 'கடன் மன்னிப்பு' போதும் என்கிறீர்கள். எல்லாருக்கும் எப்படிப் புரியும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மத்தேயு 6:12-இன் பழைய தமிழில் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று வருவது உண்மை. ஆனால் அங்கே கடன் என்பது பாவம். அதே சொல்லை ஏழை நாட்டின் கடனுக்குப் போட்டால், வாங்கியவர் தப்பு செய்தார், கொடுத்தவர் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார் என்றாகிவிடும். 1998 மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எட்டு வல்லரசு நாடுகளின் ஜி8 மாநாடு நடந்தபோது, ஏழை நாடுகளின் கடனை நீக்கக் கோரிய ஜூபிலி 2000 இயக்கத்தார் சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கொடுத்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர்கள் வாதம். மன்னிப்பு கேட்கவா அத்தனை பேர் வந்தார்கள்?

'தள்ளுபடி' பழகிய சொல்தான். ஆனால் துணிக்கடைத் தள்ளுபடியும் அதுதான். அதைக்கூடப் பொறுக்கலாம். வாராக்கடனை வங்கி தன் கணக்கில் கழித்து எழுதுவதையும் நாளிதழ்கள் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. அப்படிக் கழித்தாலும் கடனாளி கட்ட வேண்டியது அப்படியே நிற்கும். நாம் தேடுவது அவர் தலையிலிருந்தே கடனை இறக்கும் சொல்.

அப்புறம், ஜூபிலி என்றதும் எல்லாரும் பைபிளில் லேவியராகமம் 25-ஐக் காட்டுகிறார்கள். அங்கே ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்புகிறது, அடிமைப்பட்டவர் வீடு போகிறார். கடனை விடச் சொல்வது பைபிளின் இன்னொரு நூலான உபாகமம் 15, அதுவும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. பழைய மொழிபெயர்ப்பு அதற்கு ஆளும் சொல் 'விடுதலை'.

அதை வைத்து 'கடன் விடுவிப்பு' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. 'நிதி விடுவிப்பு' என்றால் பணத்தைக் கொடுப்பது என்று ஆகிவிட்டதால், புதுக்கடன் வழங்கியதாகப் படிப்பார்கள்! 'கடன் விடுதலை'யில் அந்தக் குழப்பம் இல்லை. சமயத் தலைவர்களின் அறைகூவல்களுக்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் 2025 யூபிலி (ஜூபிலி) ஆண்டையொட்டி போப் பிரான்சிஸ் விடுத்தது உட்பட, இது பொருந்தும். பொருளாதாரக் கட்டுரையில் கேன்சலேஷனுக்கு, அதாவது கடனை அடியோடு நீக்குவதற்கு, 'கடன் நீக்கம்' போதும்.

ரிலீஃப் வேறு. 1996-இல் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமான ஐஎம்எஃப்பும் கடன் மிகுந்த ஏழை நாடுகளுக்காகத் தொடங்கிய ஹிப்பிக் திட்டம், கடனைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதைத்தான் நோக்கமாக வைத்தது. முழுவதையும் நீக்குவதாகச் சொல்லவில்லை. குர்ஆன் 2:280-உம் இரண்டைப் பிரித்தே சொல்கிறது: கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திரு, தர்மமாக விட்டுவிட்டால் இன்னும் நல்லது. தவணை தள்ளுவது, வட்டி குறைப்பது, அடியோடு நீக்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கடன் தணிப்பு' என்கிறேன். 'நிவாரணம்' வேண்டாம், புயல் வெள்ளம் நினைவுக்கு வருகிறது.

சர்வாதிகாரி வாங்கித் தின்றுவிட்டு மக்கள் தலையில் கட்டிய கடனுக்கு, அதாவது ஒடியஸ் டெப்டுக்கு, 'கொடுங்கடன்' என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னால் 'கொடுங்க' என்று கை நீட்டுகிற மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா?