உணவுக்குழாய் ஆபரேஷன்: ஈராஸ் முறையில் வீட்டார் செய்ய வேண்டியது என்ன?

காரைக்குடிப் பெண்:
அப்பச்சிக்கு உணவுக்குழாயில் புற்று. கீமோ, ரேடியேஷன் முடிந்தது. அடுத்த மாதம் மதுரையில் ஆபரேஷன், ஈராஸ் (ERAS) முறையாம், ஆபரேஷனுக்குப் பின் சீக்கிரம் தேறவைக்கும் முறை என்றார்கள். எடை 50 கிலோ. பாலும் கஞ்சியும்தான் இறங்குகிறது. இப்போதே என்ன செய்யலாம்? வயிற்றில் ட்யூபோடு அனுப்புவார்களாமே, அதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

டயட்டீஷியன், தேவகோட்டை:
ஆச்சி, இந்த ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். ஆறு மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சத்தை ஏற்றிவிட்டு ஆபரேஷன் செய்வதுதான் நல்லது. நாளுக்கு 60–75 கிராம் புரதம் வேண்டும். கஞ்சியில் அது வராது. 200 மில்லி பாலில் 6–7 கிராம்தான். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் இன்னும் 5 கிராம் கூடும். முட்டை, பருப்பை நன்றாக வேகவைத்து, அரைத்து வடிகட்டிக் கொடுங்கள்.

புகை, புகையிலை இன்றே நிற்கட்டும்; குறைந்தது நாலு வாரம் இடைவெளி வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியில் பலரும் ஊதுகிறார்கள், அது தவறு. மெதுவாக உள்ளே இழுத்து, பந்து மேலே இருக்கும்போது 2–3 நொடி நிறுத்த வேண்டும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வளவைச் சுற்றித் தினமும் நடக்கவையுங்கள்.

ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்பது பொது விதி. அடைப்பு இருப்பவருக்கு உணவு மேலேயே தங்கி நுரையீரலுக்குள் போகலாம். மயக்க மருந்து டாக்டர் சொல்லும் நேரத்தையே பிடியுங்கள்.

சர்ஜரி வார்டு நர்ஸ்:
வலிக்கு முதுகில் எபிடூரல் (மருந்து செலுத்தும் மெல்லிய ட்யூப்) வைப்பதே இருமவும் நடக்கவும்தான். மறுநாளே நெஞ்சில் நீர் வடிய வைத்த ட்யூபோடு எழுப்பி நடக்கவைப்பார்கள், பயந்து தடுக்காதீர்கள்.

வீட்டில் அதிகம் கெடுவது ஃபீடிங் ட்யூப்தான். அது சிறுகுடலில் இருக்கிறது. இரைப்பைபோல் சேர்த்துவைக்க அங்கே இடமில்லை. சிரிஞ்சால் மொத்தமாகத் தள்ளினால் வயிறு பிசையும், பேதியாகும். சொட்டுச் சொட்டாக, அவர்கள் எழுதித்தரும் வேகத்தில், தலைப்பக்கம் உயர்த்திவைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும், மருந்துக்குப் பிறகும், 30 மில்லி கொதித்து ஆறிய தண்ணீர் விடுங்கள். 50 மில்லி சிரிஞ்சே வேண்டும். சின்ன சிரிஞ்சின் அழுத்தத்தில் ட்யூப் வெடிக்கலாம். நம் ஊர் வெயிலில் கலக்கிய உணவை 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

காரைக்குடிப் பெண்:
மாத்திரையைப் பொடித்து விடலாமா? ட்யூப் கழன்றுவிட்டால்?

சர்ஜரி வார்டு நர்ஸ்:
முடிந்தவரை சிரப்பாக எழுதி வாங்குங்கள். பொடிதான் பெரும்பாலும் அடைக்கிறது. மருந்து மெதுவாக வெளிவரும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல விட்டு இழுங்கள், கம்பி விடாதீர்கள். கழன்றால் நீங்களே திருப்பிச் செருகாமல், சுத்தமான துணியால் மூடி, ட்யூபையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். துவாரம் சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். காய்ச்சல், படபடப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் ஆபரேஷனில் உள்ளே இணைத்த இடத்தில் கசிவாக இருக்கலாம். மருந்துக்கடையில் நிற்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள்.

டயட்டீஷியன், தேவகோட்டை:
வாயால் சாப்பிட ஆரம்பித்ததும் நாளுக்கு 6–8 தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீர் அரைமணி முன்போ பின்போ. பாசத்தில் கவுனி அரிசியும் கும்மாயமும் கொடுத்துவிடாதீர்கள். அந்த இனிப்பு விறுவிறுவெனக் குடலுக்கு இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம் வரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் விடுங்கள், தலைமாடு எப்போதும் உயரமாக இருக்கட்டும். சில வாரம் கழித்து இட்லி மறுபடி சிக்கினால் நோய் திரும்பிவிட்டதென்று உடைந்துபோகாதீர்கள். இணைத்த இடம் சுருங்குவது சகஜம், எண்டோஸ்கோப்பி வழியாக விரிப்பார்கள்.