முற்றுகைக்கு நடுவே சுவரைப் பழுதுபார்க்க அனுமதிக்கலாமா?

கேள்வி:

வணக்கம். அணிக்கு ஐவர் வீதம் மோதும் கோட்டை முற்றுகை விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். உள்ளே இருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால், வெளியே மூவர் சேர்ந்து தாக்கினாலும் சுவர் விழுவதில்லை. தாக்கும் அணியினர் சலித்துப்போய் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். பழுதுபார்ப்பதற்குத் தேவையான கல்லின் அளவை இரட்டிப்பாக்கினேன். உடனே காப்பவர்கள், சேதமடைந்த சுவரைத் தாமே இடித்துவிட்டு அதே இடத்தில் புதுச் சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். செலவு, வேகம், காத்திருப்பு நேரம் ஆகியவற்றுள் எதை மாற்றுவது முறை?

மறுமொழி 1:

காத்திருப்பு நேரத்திலிருந்து தொடங்குங்கள். ரஸ்ட் விளையாட்டில் கடைசி அடி விழுந்து 30 விநாடிகள் கடக்கும் வரை சுவரைப் பழுதுபார்க்க இயலாது. ஒவ்வோர் அடியும் அந்தக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து ஓடவைப்பதால், தாக்குதல் நீடிக்கும் வரை சுத்தியலுக்கு வேலையில்லை. ஆனால் அந்த 30 விநாடிகளை அப்படியே எடுத்தாள வேண்டாம். அங்கே ஒரே உலகம் நாள்கணக்கில் ஓடுகிறது. கால் மணி நேரத்தில் முடியும் ஆட்டத்துக்கு ஐந்தாறு விநாடிகளே போதும். தொலைவிலிருந்து ஒருவர் எய்யும் ஒற்றை அம்பு தடையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதால், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சேதத்தை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள்.

இடித்துக் கட்டும் தந்திரம், செலவை உயர்த்தியதால் நேர்ந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டில் ஒரு கட்டடத்தை முழுமையாகச் செப்பனிட அதன் விலையில் பாதிதான் ஆகும்; ஆகவே இடித்துக் கட்டுவது எவருக்கும் இலாபமில்லை. அதே விளையாட்டில், கட்டும் பணியில் இரண்டாவது ஆள் சேர்ந்தால் நேரம் பாதியாகக் குறைவதில்லை, முன்பு ஆன நேரத்தில் முக்கால் பங்கு ஆகிறது. உங்கள் இரண்டாவது சுத்தியலின் பலனையும் இப்படிக் குறைக்க வேண்டும். அடிபட்ட இடத்தில் இடிப்பதையும் புதிதாகக் கட்டுவதையும் அதே காத்திருப்புத் தடைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

மறுமொழி 2:

முந்தைய பதிலோடு எனக்கு முழு உடன்பாடில்லை. சண்டைக்கு நடுவே பழுதுபார்ப்பதை அடியோடு தடுத்தால், காப்பவருக்குச் சுவரை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு பணி இராது. டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டில் என்ஜினியர் என்னும் பாத்திரத்தின் பிழைப்பே சண்டைக்கு நடுவே பழுதுபார்ப்பதுதான். அங்கே ரேங்லர் என்னும் கருவி, அவர் கட்டும் சென்ட்ரி என்னும் தானியங்கித் துப்பாக்கிக்கு விழும் சேதத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஆனால் அது இயங்கும்போது பழுதுபார்க்கும் திறனும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. எதிரணியின் உளவாளியான ஸ்பை, சாப்பர் என்னும் நாசக் கருவியை அதில் பொருத்திவிட்டால், அதை அகற்றும் வரை பழுதுபார்க்கவே முடியாது. தடை விதிப்பதற்குப் பதிலாக, தாக்குபவர் கையிலும் இப்படியொரு மாற்றுக் கருவியைக் கொடுங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. சிறு அடிகளுக்குத் தடையின்றியும், கவண்பொறியின் கல் விழுந்தால் மட்டும் ஆறு விநாடித் தடையோடும் சோதித்துப் பார்க்கிறேன். ஒரே நொடியில் இருவர் தட்டும்போது, குறைந்த சேதத்துக்கு இருமுறை கல் கழிகிறதே, அதற்கு என்ன வழி?

மறுமொழி 3:

சுவரின் வலுவைக் குறிக்கும் உயிர்ப்புள்ளி எவ்வளவு கூட வேண்டும் என்பதை விளையாடுபவரின் கணினி தீர்மானிக்கக் கூடாது. அது "தட்டினேன்" என்று மட்டும் தெரிவிக்கட்டும். வந்த கோரிக்கைகளைச் சர்வர் வரிசையாக எடுத்து, அந்தக் கணத்தில் எஞ்சியுள்ள சேதத்தை அளந்து, உண்மையில் கூடிய புள்ளிகளுக்கு மட்டுமே கல்லைக் கழிக்க வேண்டும். செலவைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்காதீர்கள்; அப்படிச் செய்தால், சிறுகச் சிறுகத் தட்டுபவர் சுவர் முழுவதையும் இலவசமாகவே செப்பனிட்டுவிடுவார்.